மொச்சைக்கு மார்கழி தெரியவில்லை

1

எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோவையாக எழுத வராது. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றுக்குப் போய்விடுவேன், விட்ட இடம் மறந்துவிடும். ஆள்பெயரெல்லாம் இப்போது நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்கின்றன. போடியில் மாத இதழ் நடத்தும் என் தம்பி மகன் பாண்டி போன் பண்ணி, "வெளியூர் போனவங்க எல்லாரும் எழுதுறாங்க அத்தை, நீங்களும் எழுதுங்க" என்றான். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறதாம்.

"நான் இருக்கிறது பெங்களூருதானப்பா. சாயங்காலம் பஸ் ஏறுனா விடிய வந்துரலாம். இதெல்லாம் ஒரு வெளியூரா?" என்றேன்.

"பாஷை மாறிட்டா வெளியூருதான் அத்தை" என்றான்.

சரி என்று உட்கார்ந்துவிட்டேன். துபாயில் இருக்கிறவர்கள் உயரமான கட்டடங்களைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது ஒரு நாயின் முடிதான். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் எங்கள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றுவிட்டுப் போனதிலிருந்து வேறு எதிலும் என் புத்தி போகவில்லை. அந்த ஜீப் சிவராத்திரி கழித்துத் திரும்பி வரலாம். அதற்குள் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அது உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2

நாங்கள் இருப்பது ஜோகுபாளையத்தில், அல்சூர் பக்கம், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. என் மகன் செந்தில் மெட்ரோ பிடித்து வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிறான். மருமகள் காவ்யா சிக்கமகளூருக்காரி, கன்னடக்காரப் பெண். அவளும் கம்ப்யூட்டர் வேலைதான், பாதி நாள் வீட்டிலிருந்தே, கதவைச் சாத்திக்கொண்டு அமெரிக்காவோடு பேசுவாள். என் வீட்டுக்காரர் போன பிறகு செந்தில் என்னை இங்கே கூட்டி வந்தான். கடைத்தெருவில் தமிழே பேசலாம், குறையில்லை. வீட்டுக்குள்ளேதான் பேச ஆளில்லை. அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். செந்திலும் என்னோடு பேசும்போது இப்போதெல்லாம் நடுவில் நின்று, தமிழில் என்ன வார்த்தை என்று யோசிக்கிறான்.

நான்காவது ஆள்தான் நாய். காவ்யா குட்டியாக வாங்கி வந்தாள். காப்பிக்கொட்டை நிறம், பெரிய தலை, தொங்கும் காது. லேப்ரடார் என்கிற சாதி. மோக்கா என்று ஏதோ காப்பியின் பெயரை வைத்தார்கள். என் வாயில் அது மொச்சை என்றுதான் வந்தது. அவனும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டான். "பாட்டி ஹத்ர ஹோகு, பாட்டி கிட்ட போ" என்று காவ்யா அவனை என்னிடம் அனுப்புவாள். பேரப்பிள்ளை வருவதற்கு முன்பே பாட்டியாகிவிட்டேன்.

பகல் முழுக்க அவனோடு இருக்கிறவள் நான்தான். அதனால் அவனுக்குத் தெரிந்தது தமிழ், அதிலும் போடித் தமிழ். செந்தில் "சிட்" என்றால் வாயைப் பார்ப்பான். நான் "உக்காருடா" என்றால் உட்காருவான். "படு" என்றால் படுப்பான். "கையக் குடு" என்றால் கொடுப்பான். "எறங்கு" என்றால் சோபாவிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குவான்.

எங்கள் கட்டடத்தில் நாய்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஆட்கள் போகிற லிஃப்ட்டில் நாய் ஏறக்கூடாது, சாமான் ஏற்றுகிற லிஃப்ட்டில்தான் போக வேண்டும். அவனோடு அதிலேயே போய்ப் போய், பால் வாங்கத் தனியாகப் போகும்போதும் நான் சாமான் லிஃப்ட்டில்தான் போய்க்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் ஒரு நாள், "அஜ்ஜி, நீவு ஆ கடே" என்று ஆட்கள் போகிற லிஃப்ட்டின் பக்கம் கையைக் காட்டிய பிறகுதான் உணர்வு வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊர் ஆபீசில் செந்தில் மொச்சைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறான். அவன் பெயர் பெங்களூரில் பதிவாகிவிட்டது. என் பெயர் இன்னும் போடி ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்று செந்தில் எத்தனையோ தடவை கிளம்பினான். ஒரு தடவை இந்தக் காகிதம் இல்லை என்றார்கள், மறு தடவை அது பழசு என்றார்கள். விட்டுவிட்டான்.

எங்கேயோ போய்விட்டேன். முடிக்கு வருகிறேன்.

3

கார்த்திகை முடிகிற நேரத்தில் கொட்ட ஆரம்பித்தது. முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பார்த்தால், அவன் எழுந்து உடம்பை உதறினால் வெயிலில் பஞ்சு பறக்கிறது. சோபாவில், மடித்து வைத்த துணியில், பூஜை அலமாரிக் கண்ணாடியில், தோசை மாவில். வேலைக்கு வரும் செல்வி இதே ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா இது, பெருக்கி முடிச்சு திரும்பறதுக்குள்ள பின்னாலயே கொட்றான். எனுக்கு பேஜாராயிடுச்சு. நாய்க்கு உப்பு போட்டா முடி ஜாஸ்தி கொட்டும், தெரியாதா உங்குளுக்கு?"

"நான் உப்பே போடலையேம்மா. அவனுக்கு அந்த பாக்கெட் தீனிதான்."

"தோச பிச்சிப் பிச்சி போடறீங்களே, அது இன்னா? அதுல உப்பு இல்லியா?"

அன்றைக்கே தோசையை நிறுத்தினேன். அவன் அடுப்பங்கரை வாசலில் வந்து படுத்துக்கொண்டு, கல்லில் மாவு ஊற்றும் சத்தத்துக்கெல்லாம் காதைத் தூக்கினான். முடி நின்றபாடில்லை.

நான் வேலை செய்தது ஏலக்காய் ஸ்டோரில் என்பது உங்களுக்குத் தெரியும். தரையில் வரிசையாக உட்கார்ந்து காயைப் பொறுக்குவோம், பெருவட்டு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். அந்தப் புத்தி கையை விட்டுப் போகவில்லை. அவன் முடியையும் உட்கார்ந்து பொறுக்கிப் பிரித்தேன். முரட்டு முடி ஒரு குவியல். அடியில் இருந்து வருகிற சாம்பல் நிறப் பஞ்சு ஒரு குவியல். பஞ்சுதான் அதிகம். பிரித்து வைத்துவிட்டு இதை வைத்து என்ன செய்ய என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குப் பிடிபடாத கணக்கு இதுதான். கோடையில் கொட்டினால் அர்த்தம் உண்டு, உடம்பு காற்று வாங்கப் பார்க்கிறது என்று சொல்லலாம். குளிர்காலத்தில் போர்வையை யாராவது தூக்கி எறிவார்களா? விடியற்காலையில் எழுந்தால் எனக்கே பல் கிட்டுகிறது, அவனோ இருக்கிற முடியையும் உதறிக்கொண்டு நிற்கிறான்.

முடி கொட்டினால் நமக்கு என்ன வைத்தியம் தெரியும்? எண்ணெய் தேய்த்துக் குளிப்பதுதான். அதையே செய்தேன். அவன் ஆண்பிள்ளை என்பதால் புதனும் சனியும். நல்லெண்ணெயைக் காய்ச்சி, நான்கு மிளகு போட்டு, முதுகிலிருந்து வால் வரைக்கும் தேய்த்து ஊற வைத்து, பயத்தமாவும் சீயக்காயும் போட்டுக் குளிப்பாட்டினேன். புதன்கிழமை காவ்யாவும் ஆபீசுக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை இரண்டு பேரும் எழுந்து வருவதற்குள் முடித்து, வெயில் வரும் ஜன்னல் பக்கம் அவனைக் கிடத்திவிடுவேன். ஒளித்துச் செய்தது இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவு சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பான், பார்த்தால் சம்மணம் போட்டு உட்கார்ந்த பெரியாம்பளை மாதிரி இருக்கும். ஆனால் தேய்க்கத் தேய்க்கக் கை நிறைய முடி வந்தது. போதவில்லை போல என்று இன்னும் நன்றாகத் தேய்த்தேன்.

4

இதற்கிடையில் காவ்யாவுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். இத்தனை வருடம் கழித்து நின்றிருக்கிறது. தும்மினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்முகிறாள், மாத்திரையும் இஷ்டத்துக்குப் போட முடியாது. ராத்திரி மூச்சு இழுக்கிறது. அவளைப் பார்க்கிற டாக்டரம்மா, இது பனியாலும் வரும், தூசியாலும் வரும், கர்ப்பத்தில் சிலருக்கு மூக்கடைப்பு சும்மாவே வரும், நாய் முடியாகவும் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சிக்கமகளூரிலிருந்து அவள் அம்மா தினமும் போனில் ஒன்றையேதான் சொல்கிறார். நாயை அனுப்பு. காவ்யாவின் தாய்மாமாவுக்கு அங்கே காப்பித் தோட்டம் இருக்கிறது. இடமா இல்லை, அங்கே ஓடி விளையாடட்டும் என்கிறார்கள்.

தோட்டம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நம் ஊரிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஆட்டை அடைப்பது போல அடைந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போன வருடங்களை நான் மறக்கவில்லை. அங்கே வேலைக்காரர்கள் குடியிருக்கிற லயத்துக்கு லயம் நாய் கட்டியிருப்பார்கள். போன வாரம் வாலாட்டிய நாய் இந்த வாரம் இருக்காது, சங்கிலி மட்டும் கிடக்கும். "சிறுத்தை கொண்டு போயிருச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த குட்டியைக் கட்டுவார்கள். அந்த நாய்களாவது காட்டு வாசம் தெரிந்தவை. மொச்சைக்கு என்ன தெரியும்? மிக்ஸி போட்டால் என் சேலைக்குப் பின்னால் வந்து ஒளிகிறவன்.

ஆனால் அந்தப் பெண் மூச்சு வாங்குவதையும் நான்தானே பார்க்கிறேன். முதுகைத் தடவிக் கொடுக்கும்போது அவள் உடம்பு முழுக்கக் குலுங்குகிறது. நாய் இருக்கட்டும் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு பக்கமும் இழுத்தால் நான் எந்தப் பக்கம் போவேன்.

5

கடைசியாக ஒரு தடவை காட்டிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அவனை நாய் டாக்டரிடம் கூட்டிப் போனோம். சின்ன வயதுப் பெண், நல்ல முகம். என்னைப் பார்த்து, "கூதலு தும்பா உதுருத்தா, அம்மா?" என்றார். "ஆமாங்க, கூதல் தாங்க முடியல, காலையில ஸ்வெட்டர் இல்லாம எந்திரிக்கவே முடியல" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். இங்கே முடியைத்தான் கூதலு என்கிறார்கள், முடி ரொம்பக் கொட்டுகிறதா என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருடமாகியும் எனக்கு இந்த வார்த்தையில் கால் வழுக்குகிறது.

டாக்டர் அவன் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். சொட்டை இல்லை, புண் இல்லை, பூச்சி இல்லை. எத்தனை நாளுக்கு ஒரு தடவை குளிப்பாட்டுவது என்று கேட்டார். "மாசத்துக்கு ஒன் டைம், டாக்டர்" என்றாள் காவ்யா.

குளியல் என்று காதில் விழுந்ததும், கேட்டதற்குச் சொல்ல வேண்டுமே என்று, "புதன், சனி" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னம்மா புதன் சனி?" என்றான் செந்தில்.

"எண்ணெய் தேச்சுத்தான்ப்பா. ஆம்பளப் பிள்ளைல்ல. பொட்டப்பிள்ளையா இருந்தா செவ்வாயும் வெள்ளியும்."

செந்தில் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். காவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தே! அதுக்குத்தானா அவன் மேல எப்பவும் அந்த வாசனை? நான் உங்க தலையில இருந்து வருதுன்னு நினைச்சேன்!"

டாக்டர் கோபிக்கவில்லை. காவ்யா எடுத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்து, அவன் காதைத் தடவியபடி நெடுநேரம் பேசினார். காவ்யா எனக்குத் தமிழில் சொன்னாள். எனக்குப் பிடிபட்ட வரைக்கும் எழுதுகிறேன், தப்பு இருக்கலாம்.

இந்தச் சாதி நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. மேலே முரடு, அடியில் பஞ்சு. வருடத்துக்கு இரண்டு தடவை அதை மாற்றும். குளிர்காலத்துக்குத் தடிமனாகப் புதுசு வர வேண்டும் என்றால் பழசு உதிர்ந்து இடம் விட வேண்டும். இப்போது என்ன மாதம் என்று அதன் உடம்புக்குக் குளிரை வைத்துத் தெரிவதை விட வெளிச்சத்தை வைத்துத்தான் அதிகம் தெரியுமாம். பகல் சுருங்கினால் பனிக்காலம், பகல் நீண்டால் கோடை. தெருவில் கிடக்கிற நாய் சில வாரத்தில் மாற்றி முடித்துவிடும். வீட்டுக்குள் நடுராத்திரி வரைக்கும் லைட் எரிந்தால், பகல் எங்கே முடிகிறது, இரவு எங்கே தொடங்குகிறது என்று உடம்புக்குத் தெரிவதில்லை. அது குழம்பிப்போய், நிறுத்தத் தெரியாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். அதோடு இந்த ஊர்ப் பனிக்காலக் காற்று வறண்டது, தோலைக் காய வைக்கும். அதன் தோலில் தானாக ஊறும் எண்ணெயை நான் வாரம் இரண்டு தடவை சீயக்காய் போட்டுக் கழுவியெடுத்துவிட்டேன்.

"இதுல எதுனாலங்க கொட்டுது?" என்று கேட்டேன்.

"எல்லாமே இருக்கலாம் அம்மா" என்று அவரே தமிழில் சொன்னார்.

ஒன்று என்றால் அதை நிறுத்தலாம். எல்லாமே என்றால் ஒருத்தி என்ன செய்ய முடியும்? எண்ணெய்க் குளியலை நிறுத்து, தினமும் மொட்டைமாடியில் வைத்துச் சீவிவிடு, குளிர் போனால் குறையும் என்று சொல்லி அனுப்பினார். மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. மருந்து கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

6

வெளிச்சம் என்று அவர் சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் லைட் போடுகிறவள் நான்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று சின்னதிலிருந்து பழக்கம். சாயங்காலமானால் இங்கே ஹால், அடுப்பங்கரை, இரண்டு ரூம், பால்கனி, எல்லா சுவிட்ச்சையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போவேன். போடியில் விளக்கு வைத்தாலும் சீக்கிரம் சாப்பிட்டு அணைத்துவிடுவோம். இங்கே இவர்கள் வேலை முடிந்து படுக்கும் வரை எரியும்.

அதனால் மறுநாள் சாயங்காலம் சாமி விளக்கை மட்டும் ஏற்றி வைத்துவிட்டு, மற்ற எதையும் போடவில்லை. நானும் மொச்சையும் ஹாலில் தரையில் உட்கார்ந்துகொண்டோம். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டேன். அவன் என் காலில் தலையை வைத்துப் படுத்தான். என்ன நடக்கிறது என்று இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியவில்லை.

செந்தில் சாவி போட்டுத் திறந்தவன் பதறிப்போனான். "அம்மா! என்னாச்சு? கரண்ட் போச்சா?"

"இல்லப்பா. அவனுக்கு மார்கழி வரட்டும்னு அணைச்சு வச்சிருக்கேன்."

திட்டப் போகிறான் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் தோளில் இருந்து இறக்கி, அவனும் தரையில் வந்து உட்கார்ந்தான்.

"நம்ம ஏலக்காய் ஸ்டோர் வாசல்ல ஒரு நாய் கெடக்குமேம்மா, செவலையா. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதுகூடத்தான் இருப்பேன். பேரு என்ன?"

"மணி. செவலையாப்பா அது? கருப்பு இல்ல?"

"செவலைதான். அதுக்கு மார்கழியில முடி கொட்டுச்சா?"

யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த நாய் வாலாட்டியது ஞாபகம் இருக்கிறது, டீக்கடை வடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் இருக்கிறது. முடி கொட்டியதா என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. தெருவில் கிடக்கிற நாய்க்குக் கொட்டினால் காற்று கொண்டு போயிருக்கும். அதைப் பார்க்க யாருக்கு நேரம்? இங்கே முடி போக இடமில்லாமல் எங்கள் சோற்றில் வந்து உட்காருகிறது.

"தெரியலையேப்பா" என்றேன்.

அவ்வளவு நேரம் அவன் ஒரு வார்த்தைக்கும் நிற்காமல் தமிழில் பேசினான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் உள் ரூமில் காவ்யாவின் மீட்டிங் தொடங்கிவிட்டது. கதவுக்கு அடியில் வெளிச்சம் கோடு போட்டு வந்தது. மொச்சை எழுந்து போய் அந்தக் கோட்டின் மேலேயே படுத்துக்கொண்டான். மார்கழி அன்றைக்கு அவ்வளவுதான்.

7

சங்கராந்தி முடிந்த மறுநாள் ஜீப் வந்தது. காவ்யாவின் தாய்மாமா எள்ளும் வெல்லமும் கலந்த பொட்டலமும் சொந்தத் தோட்டத்துக் காப்பிப்பொடியும் கொண்டு வந்திருந்தார். தங்கமான மனிதர், என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் அவருடைய கருப்புப் பேன்ட் காப்பி நிறமாகிவிட்டது.

நான் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு காவ்யாவிடம் மெதுவாகக் கேட்டேன். "தோட்டத்துல சிறுத்தை வருமான்னு கேளும்மா."

அவள் கேட்டாள். அவர் சிரித்தார். "ஒம்மொம்மெ பருத்தே" என்றார். எப்போதாவது வரும். ராத்திரியில் நாயைக் கூண்டில் அடைத்துவிடுவோம் என்றும் சொன்னாராம். காவ்யா என்னிடம் கூண்டை மட்டும்தான் சொன்னாள். அந்த அளவு கன்னடம் எனக்கும் புரியும்.

"அங்கே எல்லாரும் கன்னடம்தானே பேசுவாங்க, இவனுக்கு வெளங்காதேம்மா" என்றேன்.

"கத்துக்குவான் அத்தே."

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட லட்சணம் அவளுக்குத் தெரியும்.

அவனைக் கீழே கூட்டிப் போனோம். சாமான் லிஃப்ட்டில்தான். ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மாமா "பாரோ, பாரோ" என்றார். செந்தில் பிஸ்கட்டைக் காட்டி "கம், மோக்கா" என்றான். அவன் நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டான். சங்கிலியை இழுத்தால் கழுத்துப் பட்டை காது வரைக்கும் வந்தது. தூக்கலாம் என்றால் அவன் கனத்துக்கு முடியவில்லை. வாட்ச்மேன், கீழ்வீட்டுக்காரர்கள், இஸ்திரி போடுகிறவர், எல்லோரும் நின்று பார்க்கிறார்கள்.

அப்போதுதான் காவ்யா சொன்னாள், "அத்தே, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா ஏறுவான்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வெட்கம். ஒரு பக்கம் அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு வயிற்றில் கை வைத்து நிற்கிறாள். அவளும் விரும்பி அனுப்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் மாட்டேன் என்றால் அவள்தான் கெட்டவளாவாள்.

"ஏறு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

"ஏறுடா மொச்சை. ஏறு."

தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்த்தான், அது இல்லை போல என்று படுத்தான். மறுபடி எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினான். தெரிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வார்த்தை அவனுக்குத் தெரியாது. சோபாவிலிருந்து எறங்கு, கட்டிலிலிருந்து எறங்கு, மாடிப்படியில் எறங்கு. அவனிடம் எப்போதும் எறங்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏறு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஏலத்தோட்டத்து ஜீப்புக்காரர் எங்களைப் பார்த்து ஏறு ஏறு ஏறு என்று அத்தனை வருடம் கத்தியதைக் கேட்ட எனக்கு, அதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தோன்றவே இல்லை.

நீட்டிய கையை எடுக்காமலே அவன் இருந்தான். நான் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

காவ்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தும்மினாளா அழுதாளா என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது. "செந்தில், பேடா. வேண்டாம். சிவராத்திரி வரைக்கும் நோடோணா, பார்க்கலாம்" என்றாள். அதற்குள் குளிர் போய்விடும், டாக்டர் சொன்னபடி முடி குறைந்தால் அவன் இங்கேயே இருக்கட்டும், குறையாவிட்டால் மாமா திரும்பி வரட்டும் என்று பேச்சு. மாமா ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பேன்ட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே ஏறிப் போனார்.

8

இப்போது எண்ணெய் இல்லை, தோசை இல்லை, சாயங்காலம் ஹாலில் லைட் இல்லை. காவ்யா ரூமுக்குள் அவன் போவதில்லை. மத்தியானம் மொட்டைமாடியில் வைத்துச் சீவுகிறேன். கொட்டுகிறது. நேற்று குறைந்த மாதிரி இருந்தது, இன்று கூடிய மாதிரி இருக்கிறது. புது முடி வந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கிறேன், கொட்டுவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முளைப்பது தெரிவதில்லை. காவ்யாவுக்குத் தும்மல் ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. இல்லாத நாளில் அவளே அவனைக் கூப்பிட்டுத் தடவுகிறாள், அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

பாண்டி, நீ எழுத்துப் பிழையைத் திருத்தும்போது இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லு. ஸ்டோர் வாசலில் கிடந்த மணி செவலையா, கருப்பா? நான் ஒன்று சொல்கிறேன், செந்தில் ஒன்று சொல்கிறான். அங்கே பழைய ஆட்கள் யாராவது இருந்தால் கேள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் நாய் இருந்தால், லைட் சீக்கிரம் அணைகிற வீடாக இருந்தால், ஒரு தடவை அதன் முதுகில் கையை வைத்து இழுத்துப் பாருங்கள். இந்தக் குளிரில் கையோடு பஞ்சு வருகிறதா? வந்தால், மாசி பிறந்து நிற்கிறதா? கேள்விப்பட்டதைச் சொல்ல வேண்டாம், இங்கே எல்லோரும் கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறார்கள். கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வருகிறது, பிறகு நிற்கிறது என்று ஒருத்தர் சொன்னாலும் போதும், நான் காவ்யாவிடம் காட்டுவேன்.

சிவராத்திரிக்கு முன்னால் தெரிந்தால் நல்லது. அதுவரைக்கும் அவனுக்கு அந்த வார்த்தையை நான் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை.